ஜிப்சம் போர்டு என்றால் என்ன? எங்கே போடலாம், எங்கே கூடாது?

வீடு பார்க்கப் போகிறவர்களில் பலர் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான சத்தம் வந்தால் திருப்தி. 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றிடம் ஒலித்தால், "என்ன இது, அட்டையா?" என்று கேட்பார்கள். "ஜிப்சம் போர்டு" என்று பதில் வரும். கேட்டவர் முகத்தில் சமாதானம் தெரியாது.

அட்டை என்று அவர் சொன்னது பாதி சரி. அந்தப் பலகையின் இரு முகங்களிலும் இருப்பது தடித்த காகிதம்தான். நடுவில் இருப்பதோ கல். பொடித்து, சுட்டு, நீர் விட்டுக் குழைத்து, மறுபடி கல்லாக்கிய கல். செங்கல்லின் குணத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக அதோடு வாழ்ந்திருக்கிறோம். ஜிப்சம் போர்டு அப்படியல்ல. அதன் குணம் புரிவதற்குள் நம் தலைக்கு மேல் ஏறிக்கொண்டுவிட்டது. அதனால் அதைப் பற்றி இரண்டு தரப்பிலும் மிகை உண்டு. விற்பவர் அதைச் சர்வரோக நிவாரணியாக்குகிறார். ஊர்ப் பெரியவர் அதை அட்டை என்று ஒதுக்குகிறார்.

முதல் முறையாக இதைப் பற்றிப் படிப்பவர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: இந்தப் பொருளுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. அது பலகையாக உருவாவதும், தீயைத் தடுத்து நிறுத்துவதும், சில இடங்களில் உதவாமல் போவதும் அந்த உறவால்தான்.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

ஜிப்சம் ஒரு கனிமம். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையான கல். வேதியியல் கணக்கில் அது கால்சியம் சல்ஃபேட். ஆனால் தனியாக அல்ல. ஒவ்வொரு கால்சியம் சல்ஃபேட் அலகோடும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. தூய ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் இந்தத் தண்ணீர். தொட்டால் ஈரம் தெரியாது, பிழிந்தாலும் சொட்டாது. படிகத்தின் கட்டமைப்பிலேயே அது பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இதன் பெரும்பகுதி ராஜஸ்தானில் கிடைக்கிறது. பிகானேர், நாகௌர், ஜெய்சால்மர் பக்கங்களில். தமிழ்நாட்டிலும் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் படிவுகள் உண்டு. தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. அனல் மின் நிலையப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கலந்த நீரால் கழுவி எடுத்தால் கிடைக்கும் கழிவும் ஜிப்சம்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போர்டு ஆலைகளுக்கு அது முக்கியமான மூலப்பொருள். பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும் உர ஆலைகளின் ஓரத்தில் வெள்ளை மலையாகக் குவிந்து கிடப்பதும் ஒரு வகை ஜிப்சமே.

இந்தக் கல்லைப் பொடித்து 150 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால், பூட்டியிருந்த தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் வெள்ளை மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ரு குன்றில் ஜிப்சச் சுரங்கங்கள் இருந்ததால் அந்தப் பெயர். நம் ஊரில் பலர் இதை முதலில் சந்தித்தது எலும்பு மருத்துவரிடம்: கை முறிந்தால் போடும் மாவுக்கட்டு இதுதான். அந்த மாவில் தண்ணீர் விட்டதும், இழந்த தண்ணீரை அது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ள, சில நிமிடங்களில் குழம்பு கல்லாகிறது. அப்போது வெப்பம் வெளிவரும். மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கதகதப்பு நினைவிருக்கும்.

தொழிற்சாலையில் நடப்பதும் இதே வேலைதான், ஓட்டத்தில். நீண்ட பட்டையின் மேல் காகிதச் சுருள் விரிந்துகொண்டே போகும். அதன் மேல் ஜிப்சக் குழம்பு கொட்டும். குழம்பில் நுரை கலந்திருப்பார்கள். அதனால் உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் தங்கி எடை குறைகிறது. கொஞ்சம் ஸ்டார்ச் சேர்ப்பது, காகிதம் உரியாமல் பிடித்துக்கொள்வதற்காக. மேலே இன்னொரு காகிதம் வந்து மூடும். பட்டை நகர்ந்துகொண்டிருக்கும்போதே குழம்பு இறுகிவிட, கத்தி அதை அளவாக வெட்டும். பிறகு உலர்த்தும் அடுப்பு. அங்கே போவது உபரித் தண்ணீர் மட்டும். படிகத்துக்குள் பூட்டியது அப்படியே இருக்கும்.

காகிதம் அழகுக்காக ஒட்டியதல்ல. ஜிப்சம் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. சாக்பீஸை இரண்டு விரலால் ஒடித்துவிடுகிறோம். நம் பள்ளிகளில் புழங்கும் சாக்பீஸ் பெரும்பாலும் இதே பொருள்தான். பலகை வளையும்போது இழுபடும் பக்கத்தைப் பிடித்து நிறுத்துவது காகிதம். காங்கிரீட்டுக்குக் கம்பி செய்யும் வேலையை இங்கே காகிதம் செய்கிறது. பலகையை வெட்டும் முறையிலும் இது தெரியும். ஆசாரி ரம்பம் எடுக்கமாட்டார். ஒரு பக்கக் காகிதத்தைக் கத்தியால் நேராகக் கீறுவார். முழங்காலில் வைத்து ஒரு தட்டு. கல் கீறிய கோட்டிலேயே சுத்தமாக ஒடியும். பின்பக்கக் காகிதத்தை அறுத்தால் வேலை முடிந்தது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகித அடுக்குகளுக்கு இடையே பிளாஸ்டரை வைத்துப் பலகை செய்து 1894-ல் காப்புரிமை பெற்றார். 1909-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, சில ஆண்டுகளில் 'ஷீட்ராக்' என்ற பெயரில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. உடனே யாரும் கொண்டாடிவிடவில்லை. மரப்பட்டிகளின் மேல் ஈரச் சாந்து பூசும் பழைய முறைதான் தரமானது, பலகை மலிவான மாற்று என்ற எண்ணம் அங்கும் நீண்ட நாள் இருந்தது. சுவரைத் தட்டிப் பார்க்கும் சந்தேகம் நமக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரில் கொத்துவேலைக்கு ஆள் கிடைக்காமல் போனதும், போருக்குப் பின் புறநகர் வீடுகள் அவசர அவசரமாக எழுந்ததும் அதன் தலையெழுத்தை மாற்றின. பல அடுக்காகப் பூசி வாரக்கணக்கில் காயவைத்த வேலை, சில நாட்களில் முடியத் தொடங்கியது.

தீயின் முன்னால்

காகிதம் ஒட்டிய பலகை எப்படித் தீயைத் தடுக்கும் என்ற கேள்வி நியாயமானது. பதில், அந்தப் பூட்டிய தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பலகை 6 அடிக்கு 4 அடி, 12.5 மி.மீ. கனம். எடை 18, 19 கிலோ இருக்கும். 12 அடிக்கு 10 அடி படுக்கையறையில், மேல் தளத்துக்குக் கீழே தொங்கவிடும் உட்கூரைக்கு (ஃபால்ஸ் சீலிங்) இதில் ஐந்து பலகை வேண்டும், சேதாரத்தைச் சேர்க்காமல். மொத்தம் 95 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் காகிதத்தையும் கலப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால், தோராயமாக 17 லிட்டர் தண்ணீர் அந்தக் கூரையில் படிகமாகப் படுத்திருக்கிறது. ஒரு குடம் நிறையத் தண்ணீர்.

தீப்பிடித்தால் முதலில் மேற்பரப்புக் காகிதம் கருகும். அதோடு சரி, சுடரைப் பரப்ப அதனிடம் சரக்கில்லை. வெப்பம் உள்ளே இறங்கும்போது பூட்டிய தண்ணீர் ஆவியாக விடுபடத் தொடங்கும். ஆவியாக்குவதற்கு ஏகப்பட்ட வெப்பம் செலவாகிறது. எனவே, ஒரு பக்கம் பல நூறு டிகிரியில் எரிந்தாலும், உள்ளே தண்ணீர் தீரும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரியைச் சுற்றியே தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம்தான் வீட்டிலிருப்பவர்கள் வெளியேறக் கிடைக்கும் நேரம். தண்ணீர் முழுவதும் போனபின் உள்ளீடு சுருங்கி விரிசல் விட்டு உதிரும். அதை மேலும் தாமதப்படுத்தவே தீத்தடுப்புப் பலகைகளில் கண்ணாடி இழைகளைக் கலக்கிறார்கள். தண்ணீர் போன பின்னும் அந்த இழைகள் சிறிது நேரம் கல்லைக் கட்டிப் பிடித்திருக்கும்.

இந்தக் குணம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1666-ல் லண்டன் எரிந்தது. அடுத்த ஆண்டே, பதினான்காம் லூயியின் ஆட்சியில், பாரிஸின் மரக்கட்டுமான வீடுகளுக்குச் சாந்து பூசவேண்டும் என்று ஆணை வந்தது. சாந்து என்றால் அங்கே ஜிப்சச் சாந்து.

அதே தண்ணீர், வெளியிலிருந்து வந்தால்

உள்ளே இருக்கும் தண்ணீர் பலம். வெளியிலிருந்து வரும் தண்ணீர் எமன்.

ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும்: லிட்டருக்கு 2 கிராம், இரண்டரை கிராம். உப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் தொடர்ந்து சொட்டும் ஒழுகலுக்கு அதுவே போதும். கரைவதற்கு முன்பே வேறொன்று நடக்கும். நனைந்த பலகை பலம் இழக்கும், காகிதம் ஊறி உரியும், கூரையாக இருந்தால் தொய்யும். ஈரம் சில நாள் தங்கினால் காகிதத்தில் கறுப்பாகப் பூஞ்சை படரும். பூஞ்சைக்குக் கல் உணவல்ல. காகிதமும் ஸ்டார்ச்சும் உணவு.

சுவராக நிற்கும் பலகைக்கு இன்னொரு கெட்ட பழக்கம், காலடியில் தேங்கும் நீரை மேலே உறிஞ்சுவது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பலகையைத் தரையில் முட்ட வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கி மாட்டிவிட்டு, இடைவெளியைச் சுவரடிப் பட்டையால் (ஸ்கர்ட்டிங்) மறைப்பார்கள். வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் வீடுகளில் இந்த ஒரு சென்டிமீட்டர் முக்கியம். வெள்ளத்துக்கு முன் அதுவும் நிற்காது. 2015 டிசம்பரில் சென்னை கண்டது போன்ற வெள்ளத்தில் செங்கல் சுவர் நனையும், காயும், பூச்சும் வண்ணமும் போகும், சுவர் நிற்கும். ஜிப்சத் தடுப்பில் நீர் ஏறிய உயரத்துக்கும் கொஞ்சம் மேலே வரை வெட்டியெடுத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. நீர் தேங்கும் பகுதியில் தரைத்தளத்தில் இதைச் சுவராகப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்தே போடவேண்டும்.

கடையில் பச்சை முகத்தோடு ஒரு பலகை காட்டுவார்கள்: ஈரம் தாங்கும் வகை. மெழுகோ சிலிக்கோனோ கலந்து, நீர் உறிஞ்சுவதைக் குறைத்தது. சமையலறைக் கூரைக்கும், காற்றோட்டமுள்ள குளியலறையின் கூரைக்கும் சரி. ஆனால் ஈரம் தாங்குவது வேறு, தண்ணீர் தாங்குவது வேறு. ஷவருக்கு நேரே உள்ள சுவர், வெளிச்சுவர், பால்கனியில் மழை சாரலடிக்கும் பகுதி ஆகியவற்றுக்குப் பச்சைப் பலகையும் உதவாது; அங்கே சிமென்ட் இழைப் பலகை போன்றவைதான் பொருத்தம். தீத்தடுப்பு வகை பெரும்பாலும் இளஞ்சிவப்பு முகத்தோடு வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் பின்புறம் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். இந்தியத் தரநிர்ணயத்தில் இந்தப் பலகைகளுக்கான எண் ஐ.எஸ். 2095.

வெயிலும் ஒரு வகையில் தண்ணீர்ப் பிரச்சினைதான். தொடர்ந்து 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பூட்டிய தண்ணீர் மெல்ல மெல்லக் கழன்று பலகை பொடியத் தொடங்கும் என்பதால், அந்தச் சூட்டைத் தாண்டும் இடங்களில் மாட்டக் கூடாது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு அறை கட்டுகிறவர்கள், தகரத்தை ஒட்டி வெப்பத்தடுப்பு இல்லாமல் அடியில் ஜிப்சம் மாட்டுவதற்கு முன் சித்திரை மாத நடுப்பகலில் ஒருமுறை அங்கே ஏறி நின்று பார்க்கலாம்.

பலகையைவிட முக்கியமான சட்டம்

கூரை தொய்ந்தது, விழுந்தது என்று கேள்விப்படும் கதைகளில் தண்ணீர் குற்றவாளி இல்லையென்றால், பெரும்பாலும் பலகையைத் தாங்கும் தகரச் சட்டம்தான் குற்றவாளி. வீட்டுக்காரர்கள் பலகையின் பிராண்டைக் கேட்பார்கள். மறைந்துபோகும் தகரத்தைக் கேட்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிப்பதும் மறைந்துபோகும் இடத்தில்தான்.

நம் நாட்டில் வழக்கமான கூரைச் சட்டம் இப்படி அமையும். சுவரைச் சுற்றி ஓரச் சேனல். மேல் தளத்திலிருந்து தகரப் பட்டைகள் தொங்கும். அவற்றில் 1220 மி.மீ. இடைவெளியில் இடைச் சேனல்கள். அவற்றுக்குக் குறுக்கே, 457 மி.மீ. இடைவெளியில், பலகை மாட்டும் செக்‌ஷன்கள். எல்லாம் துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம். பலகையை அதில் கறுப்புத் திருகாணிகளால் 230 மி.மீ.க்கு ஒன்றாக முடுக்குவார்கள். திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் இலேசாக அமிழ வேண்டும். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் அது வெறும் சாக்பீஸைத்தான் பிடித்திருக்கிறது.

457 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கணக்கில் ஒன்றரை அடி. அதை இரண்டு அடியாக்கினால் தகரத்தில் கால் பங்கு மிச்சம். முடிந்த அன்று யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சில மழைக்காலங்கள் போனபின், சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது, கூரையில் மெல்லிய அலை தெரியும். பலகை மாட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி அளந்து, கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது சங்கடமான காரியம்தான். செய்யலாம். அந்தப் படம் பின்னால் எங்கே துளையிடலாம் என்று பார்க்கவும் உதவும்.

கூரைவிரிசல் என்பது ஏறக்குறைய எப்போதும் பலகைகளின் சந்தில்தான் வரும். பலகையின் நீள ஓரங்கள் சற்றுச் சரிந்திருக்கும்; இரண்டு ஓரங்கள் சேரும்போது ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் சந்துப்பூச்சு தடவி, காகித டேப்பை அதில் அழுத்திப் பதித்து, காயவிட்டு, மேலும் ஓரிரு பூச்சு ஒவ்வொன்றையும் முந்தையதைவிட அகலமாகத் தடவி, தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். பூச்சுக்குப் பூச்சு காயும் நேரம் வேண்டும் என்பதால் இது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர், டேப்பை விட்டுவிட்டுச் சாதாரண பட்டியை அப்பிவிட்டுப் போகிறார் என்று பொருள். முதல் கோடையிலேயே பலகை அளவுக்குக் கட்டம் கட்டமாக விரிசல் விழும். தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தொழிலாளிக்கு நல்ல முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கௌரவம்.

சட்டத்தில் எதைத் தொங்கவிடலாம் என்பதும் இங்கே வரும். மின்விசிறி பலகையிலும் தொங்கக் கூடாது, இந்தத் தகரச் சட்டத்திலும் தொங்கக் கூடாது. மேல் தளத்தில் உள்ள கொக்கியிலிருந்து நேராகக் கம்பி இறங்க வேண்டும். பலகையில் இருப்பது அது கடந்துபோகும் துளை மட்டும். கனமான சரவிளக்கும் அப்படியே. சுவர்த் தடுப்பில் படம் மாட்ட உட்புறம் விரியும் பிளக் போதும். தொலைக்காட்சி, பாத்திர அலமாரி, ஏ.சி. உட்பெட்டி போன்றவை வரும் இடம் முன்பே தெரிந்தால், பலகைக்குப் பின்னால் சட்டத்தோடு பிணைத்து பிளைவுட் வைத்துவிடச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பது, சுவரைப் பிரித்துத்தான்.

கூரைக்கா, சுவருக்கா?

நம் ஊரில் ஜிப்சம் போர்டு என்றாலே ஃபால்ஸ் சீலிங் என்று ஆகிவிட்டது. என் கருத்தில், அது நமக்கு அதிகம் பயன்படக்கூடிய இடம் உள்தடுப்புச் சுவர்.

நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கப் பூச்சோடு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வரும். இருபுறமும் ஒற்றைப் பலகை மாட்டிய ஜிப்சத் தடுப்பு அதில் பத்தில் ஒரு பங்கு. மாடியில் இருக்கும் பெரிய கூடத்தைப் பிரித்துப் பிள்ளைக்கு ஓர் அறை எடுக்க நினைக்கிறவருக்கு இது சாதாரண வித்தியாசம் அல்ல. அடியில் பீம் இல்லாத இடத்தில் செங்கல் சுவரை ஏற்றினால் தளத்துக்குச் சுமை. தடுப்பென்றால் மணல் இல்லை, சிமென்ட் இல்லை, நீராற்றும் வேலையும் இல்லை. அதே வீட்டில் குடியிருந்துகொண்டே சில நாட்களில் முடித்துவிடலாம். அலுவலகங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன.

சத்தம் கேட்குமே என்பார்கள். வெறும் தகரச் சட்டத்தில் ஒற்றைப் பலகை என்றால் கேட்கும். செங்கல் தன் எடையால் ஒலியைத் தடுக்கிறது. ஜிப்சத் தடுப்பு வேறு வழியில் தடுக்கிறது: ஒன்றையொன்று தொடாத இரண்டு முகங்கள், இடையில் காற்று, காற்றிடத்தில் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ. இருபுறமும் இரட்டைப் பலகை போட்டுக் கம்பளியும் வைத்தால் பேச்சு மறுபக்கம் தெளிவாகப் போகாது. ஆனால் ஓர் ஓட்டை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தடுப்பை ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நிறுத்திவிட்டு மேலே திறந்துவிடுவதும், இரண்டு அறைகளின் சுவிட்ச் பெட்டிகளை முதுகோடு முதுகு வைப்பதும்தான் வழக்கமாகச் சத்தம் கடத்தும் வழிகள்.

கூரைக்கு வருவோம். "ஃபால்ஸ் சீலிங் போட்டால் வீடு குளிரும்" என்பது விற்பனை வாக்கியம். ஜிப்சம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், உண்மை. ஆனால் 12.5 மி.மீ. கனத்தில் அதன் பங்கு சொற்பம். கொஞ்சம் உதவுவது மேலே அடைபட்ட காற்று. குளிர்விக்க வேண்டிய அறையின் அளவும் சற்றுக் குறைகிறது. மேல்மாடி வீட்டில் சூடு குறைய வேண்டுமென்றால் காசை முதலில் செலவிட வேண்டிய இடம் மொட்டைமாடித் தரை. அங்கே வெப்பத்தடுப்பும் வெள்ளைப் பூச்சும் செய்யும் வேலையைக் கீழிருந்து ஒரு பலகையால் செய்ய முடியாது.

ஃபால்ஸ் சீலிங்கின் நியாயமான பயன் வேறு: மின்கம்பி, ஏ.சி. குழாய், மேல்வீட்டுக் குளியலறைக் குழாய், பீம் ஆகியவற்றை மறைப்பது; விளக்கைப் பதிப்பது. 10 அடி உயர அறையில் சட்டமும் பலகையும் அரை அடியாவது எடுத்துக்கொள்ளும். அதற்கும் கீழே படிப்படியாகத் தட்டுக் கட்டி, ஓரமெல்லாம் நீல விளக்குப் பட்டை ஓட்டுவது இப்போதைய மோகம். அந்தத் தட்டுகளில் சேரும் தூசியைத் துடைக்க யாராலும் எட்டாது. பல்லிகளுக்கு அருமையான இடம்.

மறைப்பது நல்லது என்றேன். மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது: பழைய, ஒழுகும் தளம். முப்பது நாற்பது ஆண்டு வீடுகளில் தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜிப்சம் போட்டு மூடுகிறார்கள். துரு மூடினதும் நிற்பதில்லை. பெயரும் காங்கிரீட் துண்டு இனி பலகையின் முதுகில் விழும். கண்ணுக்குத் தெரிந்த எச்சரிக்கை தெரியாமல் போகும். மேல் தளத்துக்கு நீர்த்தடுப்பு, பிறகு கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் வைத்தியம், ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் பலகை. ஏ.சி. குழாய் வளையும் இடத்திலும் மேல்வீட்டுக் குழாய்ச் சந்திலும் திறந்து மூடும் சிறு கதவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அழகு குறையும் என்று ஒப்பந்தக்காரர் மறுப்பார். வற்புறுத்துங்கள்.

கறை தெரிந்தால்

வெள்ளைக் கூரையில் தேநீர் நிறத்தில் வட்டமாக ஒரு கறை வந்தால், அது மேலே தண்ணீர் இருப்பதற்கான சாட்சி. நம் வீடுகளில் அதிகம் காரணமாவது ஏ.சி.யின் நீர்வடி குழாய் அடைப்பதும், குளிர்ந்த குழாயின் மேல் சுற்றிய உறை கிழிந்து அதில் வியர்ப்பதும். அடுத்தது மேல்வீட்டுக் குளியலறை. காரணத்தைச் சரிசெய்யாமல் வண்ணம் அடித்தால் கறை சில வாரங்களில் திரும்ப வரும். காரணம் நின்று, பலகை காய்ந்து, கெட்டியாகவும் மட்டமாகவும் இருந்தால் கறைதடுப்பு பிரைமர் அடித்து வண்ணம் பூசலாம். தொய்ந்திருந்தாலோ காகிதம் உப்பியிருந்தாலோ அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாக மாட்டலாம். முழுக் கூரையையும் பிரிக்க வேண்டியதில்லை. இந்தப் பழுதுபார்க்கும் சுலபம் செங்கல்லுக்கும் இல்லாதது.

பலகை தண்ணீரைச் சுமந்து வயிறு தள்ளி நின்றால் கதையே வேறு. அந்த அறையின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். அடியில் நிற்காமல், தள்ளி நின்று, நீளக் கம்பால் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டு நீரை வடியவிட்டால் பலகை மொத்தமாக இடிந்து விழுவதைத் தவிர்க்கலாம்.

கரையானுக்கு ஜிப்சமும் இரும்புச் சட்டமும் ஆகாது. மேலுள்ள காகிதத்தை அது அரிக்கும், மரச்சட்டம் போட்டிருந்தால் அதையும் தின்னும். எலிக்குச் சீலிங்கின் மேல்புறம் சொந்த வீடு மாதிரி. ஏ.சி. குழாய் வெளிச்சுவரைத் துளைத்து வரும் ஓட்டையைக் கம்பிவலை வைத்து அடைத்துவிட வேண்டும். மின்கம்பியை எலி கடித்தபின் அல்ல.

வாங்கும்போது வாசனையும் பாருங்கள் என்றால் சிரிக்கத் தோன்றும். அமெரிக்காவில் 2004, 2005 புயல்களுக்குப் பிறகு வீடுகளைச் சீரமைக்கப் பலகைக்குத் தட்டுப்பாடு வந்தது. சீனாவிலிருந்து ஏராளமாக இறக்கினார்கள். அவற்றில் ஒரு பகுதி கந்தக வாயுக்களை வெளியிட்டது. ஃபுளோரிடா முதலிய மாநிலங்களில் வீடுகள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தன, ஏ.சி.யின் செம்புச் சுருள்களும் மின்கம்பிகளும் கறுத்து அரித்துப்போயின. ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் புகார் செய்ய, பலகை முழுவதையும் பிரித்தெறிய வேண்டியதாயிற்று. கல்தானே, எந்தக் கல்லானால் என்ன என்று இருந்துவிட முடியாது.

ஜிப்சம் பாரம் தாங்காது என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். இதன் சகோதரப் பொருள் ஒன்று உண்டு: கண்ணாடி இழை கலந்து வார்த்த, உள்ளே அறை அறையாகப் பொள்ளலான, 124 மி.மீ. கனமுள்ள பெரும் பலகை. உர ஆலைக் கழிவு ஜிப்சத்தில் செய்யக்கூடியது. அதன் பொள்ளல்களில் கம்பியும் காங்கிரீட்டும் இட்டு நிரப்பினால் மாடி வீட்டையே தாங்கும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ல் இந்த முறையில் ஒரு மாதிரிக் கட்டடம் எழுப்பினார்கள். கடையில் கிடைக்கும் 12.5 மி.மீ. பலகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; அது உள்ளலங்காரத்துக்கு மட்டும்.

கடைசியாக, வெட்டி மிஞ்சும் துண்டுகள். ஒவ்வொரு வேலையிலும் கணிசமாக மிஞ்சும். ஜிப்சத்தை மீண்டும் பொடித்துச் சுட்டுப் புதிய பலகையாக்கலாம். அந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை. அதற்கான ஏற்பாடு நம் ஊர்களில் எளிதாகக் கைக்கு எட்டுவதில்லை என்பதால் துண்டுகள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. அங்கே ஈரமான உணவுக் கழிவோடு கலந்து காற்றுப்படாமல் புதைந்தால், பாக்டீரியா அதிலுள்ள சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். நாறுவது மட்டுமல்ல, நச்சு வாயுவும்கூட. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மிச்சத் துண்டுகளை நனையாமல், சமையலறைக் குப்பையோடு கலக்காமல், கட்டடக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு.